அறுநூற்று எண்பது ரூபாய் எண்பது சதம்

லுஹருக்குக் கொஞ்சம் முந்தி
கைபேசி சிணுங்கிற்று.
பங்கிலாபம் கணக்கில் விழுந்திருக்கிறது:
பதினெண்ணாயிரத்து நானூறு.

ஓடு சுடுகிற கம்பனி.
களிமண், சூளை, லொறி.
சாராயமில்லை, சிகரெட் இல்லை, சூதில்லை.
அதன் கடன், சொத்தில் மூன்றிலொன்றைத் தாண்டவில்லை.
பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று
மூன்று தரம் பார்த்துத்தான் வாங்கினேன்,
புது போட்டோக்கொப்பி மெஷினுக்கென்று
சேர்த்து வைத்த காசில்.

தங்கம் எடு என்றாள் ராத்தா.
காணி வாங்கு என்றார் மச்சான்.
எந்தக் காணி?
சாளம்பைக்குளத்தில் நாங்கள் குந்தியிருக்கும் காணிக்கே
உறுதி இன்னும் கச்சேரியில்
வரிசையில் நிற்கிறது.

ஆண்டறிக்கை நூற்றிருபத்தெட்டுப் பக்கம்.
முன்தாளில் தலைவர் சிரிக்கிறார்.
நான் பின்தாளிலிருந்து வாசிக்கிறவள்.
குறிப்பு இருபத்துமூன்று, நிதி வருமானம்.
பொடி எழுத்து.
அரிசியில் கல்லும் பொடியாய்த்தான் கிடக்கும்.

வட்டி.
நூற்றுக்கு மூன்று தசம் ஏழு.

கல்குலேட்டரில் தட்டினேன், அழித்துத் திரும்பத் தட்டினேன்.
அறுநூற்று எண்பது ரூபாய் எண்பது சதம்
என்னுடையதல்ல.

மௌலவி ஃபோனில் சொன்னார்:
"ஸதகா எண்டு நிய்யத் வைக்காதீங்க.
நன்மை எதிர்பார்க்கவும் வேணாம்.
கால்ல ஒட்டின சேத்தைக் கழுவிர மாதிரி."
சரி.
கழுவின தண்ணீர் எந்த முற்றத்துக்கு ஓடும் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குறிப்பு இருபத்துமூன்றின் கீழே இன்னுமொரு வரி.
நிலையான வைப்பு எங்கே இருக்கிறது என்று.
பெயரை வாசித்தேன்.
இந்தப் பெயரை எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமைகளில்
இது மோட்டார்சைக்கிளில் வரும்,
நீலச் சட்டை போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல்,
பம்பைமடுப் பக்கம்.
ஐந்து பெண்கள். ஒருத்திக்கு மற்ற நாலு பேர் பிணை.
ஒருத்தி தவறினால்
மற்ற நாலு பேரும் வீட்டுக்குப் போக முடியாது.

அந்த ஐந்து அடையாள அட்டையையும்
இருபுறமும் கொப்பி அடித்தது
இந்தக் கடை.
பக்கம் பத்து ரூபாய்.
பிஸ்மி சொல்லித்தான் லாச்சிக்குள் போட்டேன்.

பின்னேரம் புஸ்பகாந்தி வந்தா.
கோழிக்கு எடுத்தது முதல் கடன்.
கோழி செத்தது, கடன் சாகவில்லை.
அதைக் கட்ட இரண்டாவது,
இரண்டாவதைக் கட்ட மூன்றாவது.
இன்றைக்கு நான்காவதுக்குப் படிவம்.

கடித உறையை நீட்டினேன்.
"என்ன இது? நோன்புக் காசோ?"
"இல்ல."
"அப்ப ஸகாத்தோ? எங்களுக்கும் தருவினமோ?"
"தானமில்ல புஸ்பகாந்தி.
இது உங்கட காசு.
சுத்திச் சுத்தி என்ட கைக்கு வந்திட்டுது."

பிரித்து எண்ணினா.
எண்பது சதத்தை ஒரு ரூபாயாக்கி வைத்திருந்தேன்.
அந்த இருபது சதம் மட்டும் என்னுடையது,
அதற்கு நன்மை எழுதப்படுமோ தெரியாது.

கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தா.
மன்னார் பஸ் ஒன்று தூசியோடு போயிற்று.
"கிழமைக்கு ஆயிரத்து ஐந்நூற்றைம்பது கட்டுறன்.
ரெண்டு வருசம் முடிஞ்சு மூண்டாவது.
இது அறுநூத்தெண்பத்தொண்டு."
விரலில் எதையோ மடக்கினா, நிமிர்த்தினா.
"அப்ப மிச்சம் ஆரிட்ட?"

நூற்றிருபத்தெட்டுப் பக்கத்தில்
அதற்கொரு குறிப்பு இல்லை.

உறையை ப்ளவுஸுக்குள் செருகிக்கொண்டு
அடையாள அட்டையை மேசையில் வைத்தா.
"ரெண்டு பக்கமும்" என்றா.

மெஷின் சூடாகிவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது.
அஸருக்கு பாங்கு சொல்கிறார்கள்.
கண்ணாடியில் அவவின் முகம்
குப்புறக் கிடக்கிறது.
நான் மூடியை
இன்னும் கையிலேயே பிடித்திருக்கிறேன்.